கயிற்றுக்கு அப்பால்

பனிமலைகளில் சறுக்கி விளையாடச் செல்வோருக்கென்று தடம் வகுத்து, அதன் ஓரங்களில் கழிகள் நட்டு, அபாயமான இடங்களில் கயிறும் கட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கயிற்றைக் குனிந்து தாண்டிப் பத்து முழம் விலகிப் போனால் என்ன கேடு வந்துவிடும் என்று கேட்பவர் பலர். 'பத்து முழந்தானே' என்னும் இந்த நினைப்பே உயிருக்கு உலை வைக்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

2012-ம் வருஷம் பிப்ரவரி 17-ந் தேதி ஆஸ்திரியாவில் லெக் என்னும் மலையூரில் நடந்ததைக் கவனியுங்கள். ஹாலந்து தேசத்தின் அப்போதைய ராணி பியாட்ரிக்ஸின் இரண்டாவது குமாரர் பிரிஸோ, ஒரு நண்பருடன் குறியிட்ட தடத்தை விட்டு விலகிச் சறுக்கினார். அவர் குடும்பத்தார் வருஷந்தோறும் வந்து பழகிய மலை அது. பனிச்சரிவின் அபாயத்தை ஐந்து படிகளாகப் பிரித்து அறிவிப்பது ஐரோப்பிய வழக்கம். அன்று நான்காம் படி அறிவிக்கப்பட்டிருந்தது. சரிந்த பனி இளவரசரை மூடிற்று. சுமார் 25 நிமிஷங்களுக்குப் பிறகே அவரை வெளியே எடுக்க முடிந்தது. நண்பர் பிழைத்தார், இளவரசரோ பூரணப் பிரக்ஞை திரும்பாமலே 2013 ஆகஸ்டு 12-ந் தேதி தமது 44-வது வயதில் காலமானார். மலையை நன்கறிந்திருந்ததும் ராஜகுமாரராயிருந்ததும் அவருக்கு உதவவில்லை.

கயிற்றின் இரு பக்கமும் ஒரே வெண்மையாய்த்தான் தோன்றும். ஆயினும் வேற்றுமை பெரிது. தடத்தின்மேல் யந்திரங்கள் ஓடிப் பனியை அழுத்திக் கெட்டிப்படுத்துகின்றன. தடத்தில் வந்து விழக்கூடிய பனியை வெடி வைத்து முன்கூட்டியே சரித்துவிடுகிறார்கள். இவ்வளவும் தடத்தைக் காக்கும் பொருட்டே செய்யப்படுகின்றன. பக்கத்துச் சரிவுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே காற்று கொணர்ந்து குவித்த பனி பலகைபோல் இறுகிக் கிடக்கும். அதன் அடியில் சர்க்கரைப் பரல்போல் ஒன்றோடொன்று ஒட்டாத பனி இருக்கலாம். ஒரு மனிதனுடைய பாரம் மேலே ஏறினால் போதும். அடிப்படலம் நொறுங்கி, வெடிப்பு கண்ணிமைக்கும் நேரத்தில் பரவி, பலகை முழுவதும் கிளம்பிவிடும். பெரும்பாலும் 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளிலேயே இது நிகழ்கிறது. சறுக்குவோர் விரும்பித் தேடும் சரிவும் அதுவே. பனிச்சரிவில் சிக்குவோரில் மிகப் பெரும்பாலோர் தாமோ தம் கூட்டத்தாரோ கிளப்பிவிட்ட பனியிலேயே சிக்குகிறார்கள் என்பது ஆராய்ந்து கண்ட உண்மை. ஆகவே மலைமேல் பழி போடுவது பெரும்பாலும் பொய் வழக்கேயாகும்.

கயிறு தாண்டுவோர் கூறும் சமாதானங்கள் சில உண்டு. 'எனக்கு முன் நால்வர் போன சுவடு இருக்கிறதே' என்பது ஒன்று. இது நம்பத்தக்க சாட்சியமன்று. பலகை மெல்லியதாயிருக்கும் இடத்தை அந்த நால்வரும் தற்செயலாகத் தப்பியிருக்கலாம். ஐந்தாமவர் அதிலேயே கால் வைக்கலாம். 'இன்று மூன்றாம் படிதானே' என்பது மற்றொன்று. ஐந்தில் மூன்று என்றதும் நடுத்தரம் என்று மனம் ஆறுதலடைகிறது. ஆனால் ஸ்விட்ஜர்லாந்தின் அனுபவப்படி மரணங்களில் சுமார் பாதி மூன்றாம் படி அறிவித்த நாட்களிலேயே நேர்கின்றன. 'தடம் கண்ணுக்குத் தெரிகிறது, உதவி உடனே வரும்' என்பது மூன்றாவது. புதைந்தவரை முதல் பத்து நிமிஷங்களுக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைக்கிறார். அரைமணி கடந்தால் பெரும்பாலும் மாண்டுவிடுகிறார். சரிந்து நின்ற பனியோ சுண்ணச் சாந்துபோல் இறுகிவிடுகிறது. அதை வெறுங் கையால் தோண்ட முடியாது. கீழிருந்து உதவி வருமுன் காலம் கடந்துவிடும். உடன் வந்த தோழனே காப்பாற்ற வேண்டும்.

'என் உயிர், என் இஷ்டம்' என்பது கடைசி வாதம். மனிதனுடைய சுதந்திரத்தைக் குறைக்க நாம் விரும்புபவரல்லோம். ஆயினும் அவன் கிளப்பும் பனி கீழுள்ள தடத்தில் செல்லும் குழந்தைகள்மேல் விழக்கூடும். அவனைத் தேடிப் போவோரும் அதே சரிவில் தம் உயிரைப் பணயம் வைக்கிறார்கள். பிறர் உயிரை ஈடுவைக்க எவனுக்கும் உரிமையில்லை.

இது அயல்நாட்டுச் செல்வர்களின் கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. காஷ்மீரத்தில் குல்மார்க்கிலுள்ள அபர்வத் மலைக்குக் கம்பிவட வண்டி செல்கிறது. அங்கே 2023 பிப்ரவரியில் போலந்து தேசத்தார் இருவர் பனிச்சரிவில் மாண்டனர். 2024 பிப்ரவரியில் ருஷியர் ஒருவர் குல்மார்க்கிலேயே அவ்வாறு இறந்தார். நமது இளைஞரும் இப்போது அவ்விடம் செல்கின்றனர்.

ஆகையால் நாம் வற்புறுத்துவது இதுதான். காலையில் அபாய அறிவிப்பைப் படிக்காமல் மலையேறாதீர்கள். பனியை அறிந்த வழிகாட்டி இல்லாமல் கயிற்றைத் தாண்டாதீர்கள். தாண்டுவதாயின், புதைந்த இடத்தைக் காட்டும் ரேடியோக் கருவியும், குத்திப் பார்க்கும் நீண்ட கோலும், பனி வாரும் மண்வாரியும் ஒவ்வொருவரிடமும் இருக்கட்டும். அவற்றை உபயோகிக்கவும் பழகியிருங்கள். அபாயமான சரிவில் ஒருவர்பின் ஒருவராய், இடைவெளி விட்டுச் செல்லுங்கள். மூன்றாம் படியும் அதற்கு மேலும் அறிவித்த நாட்களில் பழகாதவர் தடத்திலேயே நிற்பது விவேகம். கயிற்றைக் கட்டியவன் அதுவரை சோதித்துப் பார்த்திருக்கிறான். அதற்கு அப்பாலுள்ளதை எவரும் சோதிக்கவில்லை என்பதைத் தாண்டுமுன் நினைவிற் கொள்ளுங்கள்.