ரத்தக்கட்டு சொல்வதும் சட்டம் கேட்க மறுப்பதும்

கைது செய்யப்பட்டவரை உடனடியாக அரசு மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். உடலிலுள்ள காயங்களையும், அவை ஏறத்தாழ எந்த நேரத்தில் ஏற்பட்டிருக்கக் கூடும் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்திற்குப் பதிலாக வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53ஆவது பிரிவு இப்படித்தான் சொல்கிறது. நடப்பது என்ன என்பதைப் போராட்டங்களில் கைதான தோழர்கள் அறிவார்கள். காவலர் அருகிலேயே நிற்பார். சட்டையைக் கழற்றச் சொல்வதுகூட இல்லை. ‘வெளிக்காயம் ஏதுமில்லை’ என்று ஒரு வரி எழுதப்படும். சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் கொடூரமாகத் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் மருத்துவச் சான்றோடுதான் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள்.

காயத்தைக் காணவில்லை என்பதற்காக அடி விழவில்லை என்று சொல்ல மருத்துவ அறிவியலில் இடமில்லை. நுண்ணிய ரத்தக் குழாய்கள் கிழிந்து ரத்தம் திசுக்களுக்குள் கசிவதே ரத்தக்கட்டு. தொடையிலோ பிட்டத்திலோ தசைக்குள் ஆழமாக இறங்கிய அடி, ஓரிரு நாள் கழித்தே தோலில் தெரியும். சில நேரம் தெரியாமலே போகும். கசிந்த ரத்தம் கீழ்நோக்கி இறங்குவதால், நெற்றியில் பட்ட அடி கண்ணைச் சுற்றிக் கறுக்கும். உள்ளங்காலின் தடித்த தோல் பெரும்பாலும் எதையும் காட்டிக்கொடுக்காது. அடிப்பவர்கள் அந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது தற்செயல் அல்ல. வெயிலில் உழைத்துக் கறுத்த தோலில் நிறமாற்றத்தைக் கண்டுபிடிப்பது மேலும் கடினம். உடற்கூராய்விலும் இதே நிலைதான். முதுகு, பிட்டம், உள்ளங்கால் ஆகியவற்றைக் கீறித் தசையைப் பார்க்காமல் எழுதும் அறிக்கை பாதி அறிக்கையே.

காயத்தின் வயதைக் கணிப்பதிலும் எச்சரிக்கை தேவை. சிவப்பு, நீலம், பழுப்பு, பச்சை, மஞ்சள் என்று நாள் கணக்கோடு பழைய பாடநூல்கள் ஓர் அட்டவணை தருகின்றன. ஆனால் ஒரே அடி இருவர் உடலில் இரு வேறு வேகத்தில் நிறம் மாறும். இந்த அட்டவணையை வைத்துத் துல்லியமாக நாள் சொல்ல முடியாது என்பதே இன்றைய மருத்துவத்தின் நிலை. மஞ்சள் நிறம் தோன்றியிருந்தால் அடிபட்டு ஏறத்தாழ 18 மணி நேரமாவது ஆகியிருக்கும் என்ற அளவுக்கே நம்பிக்கையோடு பேசலாம். அதுவே சில வழக்குகளுக்குப் போதும். ‘காலையில் தப்பியோடும்போது விழுந்தார்’ என்ற கதையை அன்று மாலை தெரியும் மஞ்சள் தடம் உடைத்துவிடும். வடிவமும் பேசும். லத்தி விழுந்த இடத்தில் நடுவே வெளிறிய பட்டையும் இருபுறமும் இணையான இரு கோடுகளும் இருக்கும். நம் காவல் நிலையக் குளியலறைகளில் எத்தனை முறை வழுக்கி விழுந்தாலும் முதுகில் அப்படி வரிவரியாகத் தடம் வராது.

ரத்தக்கட்டு பெரும்பாலும் இரண்டு வாரத்தில் மறைந்துவிடும். இந்தக் காலக்கணக்கை மனதில் வைத்துக்கொண்டு 187ஆவது பிரிவைப் படிக்க வேண்டும். முன்பு முதல் 15 நாட்களுக்குள் முடிந்துவிட வேண்டிய போலீஸ் காவலை, இப்போது வழக்கின் தன்மைக்கேற்ப 40 அல்லது 60 நாட்களுக்குள் துண்டு துண்டாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு முறை வாங்கிய அடியின் தடம் மறைந்த பிறகு, மீண்டும் அதே கைகளில் ஒப்படைக்கப்படும் வாய்ப்பை மோடி அரசு சட்டமாகவே ஆக்கிவிட்டது.

தடம் தெரிந்தாலும், அடித்தவர் யார் என்பதை அடிபட்டவரே நிரூபிக்க வேண்டியிருக்கிறது. உத்தரப்பிரதேசத்தின் பதேபூர் மாவட்டத்தில், காவலர் லஞ்சம் கேட்டதாகப் புகார் செய்த விவசாயி 1969இல் காவலில் அடித்துக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் 1985இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், காவல் நிலையத்துக்குள் நடந்ததற்குக் காவலர்களே சாட்சிகளாக இருக்கும்போது நிரூபிக்கும் சுமையைப் பற்றிய சட்டத்தை மாற்ற வேண்டும் என்றது. காவலில் இருக்கும்போது ஏற்பட்ட காயத்தைக் காவல் அதிகாரியே ஏற்படுத்தினார் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் எனச் சாட்சியச் சட்டத்தில் 114பி பிரிவைச் சேர்க்குமாறு சட்ட ஆணையத்தின் 113ஆவது அறிக்கை அதே ஆண்டு பரிந்துரைத்தது. எந்த அரசும் அதைச் சட்டமாக்கவில்லை. சாட்சியச் சட்டத்தையே 2023இல் புதிதாக எழுதியபோதும் அந்தப் பிரிவுக்கு இடம் கிடைக்கவில்லை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்திட்ட இந்தியா இன்னும் அதை ஏற்புறுதி செய்யவில்லை. 2010இல் மக்களவையில் நிறைவேறிய சித்திரவதைத் தடுப்பு மசோதா மாநிலங்களவையைத் தாண்டாமல் காலாவதியானது. காங்கிரஸ் ஆட்சியும் இதில் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது.

நள்ளிரவில் தனியாகப் பணியிலிருக்கும் இளம் மருத்துவர் மீது மட்டும் பழி போடுவதில் பயனில்லை. காவலர்களை அறைக்கு வெளியே நிறுத்தும் அதிகாரம் அவருக்குக் கிடைக்க வேண்டும். மருத்துவர் சங்கங்களும் இதைக் கோரிக்கையாக எழுப்ப வேண்டும். சட்டத்துக்கான போராட்டம் தொடரும்போதே, கையிலிருக்கும் பிடிமானங்களையும் விட்டுவிடக் கூடாது. காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒரு முறை பரிசோதிக்க வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கின் தீர்ப்பு 1996இல் கட்டளையிட்டது. தேவையென மருத்துவர் கருதினால் மறுபரிசோதனை செய்ய 53ஆவது பிரிவே இடம் தருகிறது. அறிக்கையின் நகலைப் பெறுவது கைதானவரின் உரிமை. தோழர் ஒருவர் கைதானால் அன்றே அந்த நகலைக் கேளுங்கள். நீதித்துறை நடுவர் முன் நிறுத்தும்போது, வலிக்கும் இடங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். இரண்டு நாள் கழித்து, அளவுகோல் வைத்த புகைப்படங்களுடன் மறுபரிசோதனை கோரி வழக்கறிஞர் மூலம் மனு கொடுங்கள்.