சேதமுற்ற பேட்டரிகளும் துறைமுகத் தொழிலாளரின் உயிரும்

2024 செப்டம்பர் 23 அன்று கனடாவின் மான்ட்ரியல் துறைமுகத்தில், ஏறத்தாழ 15,000 கிலோ லித்தியம் பேட்டரிகள் அடங்கிய சரக்குப் பெட்டகம் தீப்பற்றியது. சுற்றுவட்டார மக்கள் கதவு சன்னல்களை அடைத்து வீட்டுக்குள்ளேயே இருக்குமாறு அறிவுறுத்தப்பட்டனர். மூன்றே நாட்களில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகப் பகுதியில் லாரி கவிழ்ந்து பேட்டரிகள் எரிந்ததால் பல முனையங்கள் மூடப்பட்டன. வளர்ந்த முதலாளித்துவ நாடுகளின் துறைமுகங்களே திணறிய இந்த அபாயத்தை எதிர்கொள்ள, நவசேவாவிலும் முந்த்ராவிலும் சென்னையிலும் உழைக்கும் தொழிலாளர்கள் எந்த அளவுக்கு ஆயத்தப்படுத்தப்பட்டுள்ளனர்?

கீழே விழுந்தோ, நசுங்கியோ, கடல்நீரில் நனைந்தோ சேதமுற்ற பேட்டரி, வெளித்தோற்றத்தில் மாற்றமின்றி இருந்தாலும் உள்ளே குறுக்குச்சுற்று ஏற்பட்டுத் தானே வெப்பமடையக்கூடும். ஒரு கலத்தின் வெப்பம் அடுத்தடுத்த கலங்களுக்குப் பரவும். ஹைட்ரஜன் ஃபுளூரைடு உள்ளிட்ட நச்சு வாயுக்கள் வெளியேறும். அணைந்துவிட்டதாகத் தோன்றும் தீ, பல மணி நேரமோ சில நாட்களோ கழிந்து மீண்டும் மூளக்கூடும்.

விதிகள் இல்லாமல் இல்லை. அபாயகரமான சரக்குகளுக்கான சர்வதேசக் கடல்சார் விதித்தொகுப்பு, சேதமுற்ற லித்தியம் பேட்டரிகளுக்கெனச் சிறப்பு விதி 376-ஐ வகுத்துள்ளது. அவை தனித்தனி உறையில் இடப்பட்டு, எரியாத, மின்கடத்தாத பொருளால் சூழப்பட வேண்டும். இந்தியாவின் 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவைப் புதைப்பதையும் எரிப்பதையும் தடைசெய்கின்றன. மறுசுழற்சிப் பொறுப்பை இறக்குமதியாளர் உள்ளிட்ட உற்பத்தியாளர்கள் மீது சுமத்துகின்றன.

ஆனால், செலவை மிச்சப்படுத்த, பெட்டகத்தில் இருப்பதை ஆவணத்தில் மறைக்கும் வணிகர்கள் உலகெங்கும் உள்ளனர். இலாபம் அவர்களுக்கு, ஆபத்தோ, உள்ளே இருப்பதை அறியாமல் பெட்டகத்தைத் திறக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு. வேலை பறிபோகும் என்ற அச்சத்தில் இருப்பவர், புகையைக் கண்டாலும் பணியை நிறுத்தத் தயங்குவார். இத்தகைய சூழலில்தான், 1986ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தைத் தன்னுள் கரைத்துக்கொண்ட புதிய சட்டத் தொகுப்பை 2025 நவம்பரில் ஒன்றிய அரசு நடைமுறைப்படுத்தியது. அத்தொகுப்பில் ஆய்வாளர், முதலாளிகளுக்கு 'உதவுநர்' ஆகவும் மாற்றப்பட்டுள்ளார்.

அப்புறப்படுத்துவதில் காட்டும் அலட்சியமும் புதிதன்று. சென்னையில் 2015இல் பறிமுதலான ஏறத்தாழ 700 டன் அம்மோனியம் நைட்ரேட், 2020இல் பெய்ரூட் துறைமுகம் வெடித்துச் சிதறிய பிறகே அகற்றப்பட்டது. சேதமுற்ற பேட்டரிகளும் அவ்வாறு ஆண்டுக்கணக்கில் தேங்க அனுமதிக்கக் கூடாது.

ஒவ்வொரு துறைமுகத்திலும் பிற சரக்குகளிலிருந்து விலகிய தனிமைத் தளமும் வெப்பக் கண்காணிப்பும் அமைக்கப்பட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட அனைவருக்கும் அவரவர் மொழியில் பயிற்சியும் சுவாசக் கருவியும் வழங்கப்பட வேண்டும். அபாயத்தைக் கண்டால் ஊதிய இழப்பின்றிப் பணியிலிருந்து விலகும் உரிமை வேண்டும். குறித்த காலத்துக்குள் அகற்றும் செலவை இறக்குமதியாளரே ஏற்க வேண்டும். சரக்கை மறைப்போர் தண்டிக்கப்பட வேண்டும்.

இக்கோரிக்கைகளை நிரந்தரத் தொழிலாளரும் ஒப்பந்தத் தொழிலாளரும் இணைந்து எழுப்புவதற்கு, துறைமுகத் தொழிற்சங்கங்கள் விபத்துக்காகக் காத்திராமல் இப்போதே களமிறங்க வேண்டும்.