வியர்வை அறியாத மேனி

தலைமயிர், பல், வியர்வைச் சுரப்பி ஆகிய மூன்றும் தம்முள் யாதோர் உறவும் இல்லாதன போலத் தோன்றும். ஆயினும், கருவின் புறப்படையே இவை யாவற்றுக்கும் பிறப்பிடம் ஆகும்.

இவ்வுறவைப் புலப்படுத்தியது ஒரு குடும்பத்தின் துன்பமே. சிந்து நாட்டில் வாழ்ந்த இந்துக் குடும்பம் ஒன்றைப் பற்றிச் சாள்ஸ் டார்வின் 1875 ஆம் ஆண்டில் எழுதியுள்ளார். அங்கு 4 தலைமுறைகளிலே 10 ஆடவருக்கு, இரு தாடைகளிலும் சேர்த்து 12 பற்களே இருந்தன. அவர்தம் உடலில் மயிர் அருகியிருந்தது. இளமையிலேயே தலை வழுக்கையாயிற்று. கோடையில் தோல் வறண்டு பெரிதும் வருந்தினர். புதல்வியருக்கு இக்குறை இல்லை. ஆனால், அவர்கள் பெற்ற ஆண்மக்களுக்கு அது வந்தது. தந்தையிடமிருந்து மகனுக்கு வந்ததில்லை.

காரணம் யாது? மகன் தன் எக்ஸ் நிறமூர்த்தத்தைத் தாயிடமிருந்தே பெறுகின்றான். அதிலுள்ள ஒரு பரம்பரையலகு பழுதுற்றிருப்பின், ஈடுசெய்ய அவனிடம் வேறொன்று இல்லை. 'ஈ.டி.ஏ.' எனப்படும் அவ்வலகு 1996 இல் இனங்காணப்பட்டது.

கருவின் தோல் முதலிற் சமதரை போன்றிருக்கும். பின்னர் ஆங்காங்கே கலங்கள் ஒன்றுகூடித் தடிக்கின்றன. அத்தடிப்புகளே மயிருக்கும் பல்லுக்கும் சுரப்பிக்கும் முளைகளாகும். ஈ.டி.ஏ. ஆக்குவிக்கும் புரதம் அயற்கலங்களைச் சென்றடைந்து, முளை கொள்ளுமாறு தூது சொல்கின்றது. வேறு சில அலகுகள் இடையிடையே அம்முளைப்பைத் தடுக்கின்றன. இதனாலன்றோ, நாற்று நட்டாற்போல மயிர்கள் இடைவெளி விட்டு அமைகின்றன! கோழியின் இறகும் மீனின் செதிலும் தோன்றுவதற்கும் இத்தூது வேண்டும்.

தூது தவறினால் நேரும் இழப்பு அழகு மட்டுமன்று. வியர்வை இன்றேல் உடல் வெப்பம் தணியாது. கடும் வெயிலிலும் காய்ச்சலிலும் குழந்தையின் உயிருக்கே ஆபத்து நேரலாம். பிறந்தபின் இச்சுரப்பிகள் புதிதாக உண்டாவதுமில்லை.

ஆதலால், ஜேர்மனியின் எர்லாங்கன் நகர மருத்துவர்கள் கருவறையிலேயே சிகிச்சையைத் தொடங்கினர். பனிக்குட நீரினுள் அப்புரதத்தைச் செலுத்தினர். இவ்வாறு சிகிச்சை பெற்ற 3 ஆண்குழந்தைகளும் பிறந்து வளர்ந்தபோது இயல்பாக வியர்த்தனர் என்று 2018 இல் அறிவித்தனர்.

அக்குழந்தைகளின் பரம்பரையலகு திருந்தவில்லை. பழுது அவர்தம் கலங்களில் அப்படியே உள்ளது. அது சொல்லத் தவறிய தூதை உரிய காலத்தில் மருத்துவர் கொண்டு சேர்த்தனர், அவ்வளவே. கருவின் வளர்ச்சியில் கட்டளை எத்துணை முக்கியமோ, அது வந்து சேரும் காலமும் அத்துணை முக்கியம்.