முள்ளுக்கத்தரிக்குக் காவல் யாரு?

மரபணு மாற்றுப் பயிர் பத்தி டிவியில விவாதம் வந்தா ரெண்டே கேள்விதான் கேக்குறாங்க. சாப்பிட்டா உடம்புக்கு ஆகுமா? விளைச்சல் கூடுமா? மூணாவது கேள்வியை ஒருத்தரும் கேக்கிறதில்லை. அந்தப் பயிர் கழனியைத் தாண்டிப் போனா யார் பார்ப்பாங்க?

கத்தரியையே எடுத்துக்குங்க. நம்ம பக்கம் ஏரிக்கரை, புறம்போக்குல எல்லாம் முள்ளுக்கத்தரி தானா முளைச்சு நிக்கும். அது நம்ம கத்தரிக்காய்க்குப் பங்காளி. ரெண்டு பூவுக்கும் ஒரே வண்டுதான் போகும். தென்னிந்தியாவில் இதை ஆராய்ஞ்சு 2015-ல் வெளியிட்டிருக்காங்க. நாட்டுக் கத்தரியும் காட்டுக் கத்தரியும் பக்கத்துப் பக்கத்துல வளருது, ரெண்டையும் சேர்த்தா முளைக்கிற விதை கிடைக்குதுன்னு அதுல இருக்கு. வேலி போட்டா மாடு நிக்கும். தேனீ நிக்குமா?

பி.டி. கத்தரி எங்கேயோ அமெரிக்காவுல செஞ்சதுன்னு நினைக்காதீங்க. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகமே கோ 2, எம்.டி.யு. 1, பி.எல்.ஆர். 1 மாதிரி நம்ம ரகங்கள்ல அந்த மரபணுவை ஏத்தி வெச்சிருந்தது. 2010 பிப்ரவரியில மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்தி வைக்கலைன்னா, அது இன்னைக்கு உங்க வீட்டு சாம்பார்ல இருந்திருக்கும்.

தடை போட்டாச்சே, அப்புறம் என்னன்னு கேப்பீங்க. 2019-ல் ஹரியானா ஃபதேஹாபாத்துல ஒரு வயல்ல பி.டி. கத்தரி காய்ச்சு நின்னுச்சு. தடை வந்து 9 வருஷம் கழிச்சு! கண்டுபிடிச்சது அரசாங்கம் இல்லை, தன்னார்வலருங்க. அதுக்கு முன்னாடி 2001-ல் குஜராத்துல, அனுமதி இல்லாத பி.டி. பருத்தி ஆயிரக்கணக்கான ஏக்கர்ல நின்னப்ப புகார் சொன்னது போட்டிக் கம்பெனி. அடுத்த வருஷம் மார்ச்சுலேயே பி.டி. பருத்திக்கு அனுமதியும் குடுத்தாச்சு. கேட்டைத் திறந்து விட்டுட்டு, மாடு போனப்புறம் அதுதான் வழின்னு சொன்ன கதை.

கழனியில நிக்கிற பயிரையே பார்க்காதவங்க, ஏரிக்கரையில நிக்கிற முள்ளுச் செடியையா பார்க்கப் போறாங்க?

சட்டம் இல்லாம இல்லை. 1989-லேயே விதி போட்டாங்க. மாவட்டத்துக்கு மாவட்டம் கலெக்டர் தலைமையில ஒரு குழு இருக்கணும், கண்காணிக்கணும்னு அதுல எழுதியிருக்கு. உங்க மாவட்டக் குழுவுல யார் யார் இருக்காங்க தெரியுமா? எனக்கும் தெரியாது. ஊர்ல விவசாயிக்குத் தெரியாத குழு, விவசாயி வயலை எப்படிக் காக்கும்?

ஜப்பானைப் பாருங்க. அங்க மரபணு மாத்தின கடுகு வகை விதையைக் கப்பல்ல இறக்குமதி செய்யறாங்க. லாரியில போகும்போது சிந்தின விதை, துறைமுகத்துப் பக்கம் ரோட்டோரமா முளைச்சுது. ஆராய்ச்சி நிறுவனங்க வருஷா வருஷம் போய்ப் பரிசோதிக்குது. சாதாரண ஜனங்களும் கையில சோதனைப் பட்டையோட போய்ப் பார்த்துப் பிடுங்கறாங்க. பயிர் செய்யாத நாட்டுலயே அவ்வளவு ஜாக்கிரதை.

"நீ விஞ்ஞானத்துக்கு எதிரி"ன்னு சிலர் சொல்வாங்க. அளந்து பார்க்கிறதுதானே சார் விஞ்ஞானம்? அளக்காம "ஒண்ணும் ஆகாது"ங்கிறது ஜோசியம். பூச்சி அண்டாத குணம் காட்டுச் செடிக்குப் போனா அது களையா பரவுமா, பரவாதா? முதல்ல இப்ப என்ன இருக்குன்னு கணக்கு எடுத்தாத்தான் நாளைக்கு மாறினது தெரியும்.

நான் கேக்கிறது மூணுதான். மாவட்டக் குழுவுல இருக்கிறவங்க பேரைப் பஞ்சாயத்து போர்டுல ஒட்டுங்க. வேளாண்மை ஆபீஸ்ல சோதனைப் பட்டை வையுங்க. புது விதை விக்கிற கம்பெனிகிட்ட கண்காணிப்புச் செலவை முன்கூட்டியே வாங்குங்க.

பட்டணத்துல இருக்கிறவங்களுக்கும் வேலை இருக்கு. தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு போட்டு, உங்க மாவட்டக் குழு கடைசியா எப்போ கூடினதுன்னு கேளுங்க. 10 ரூபாய்தான் ஆகும்.