மறதி நோய்: மருமகளின் தலைவிதியா, சமுதாயத்தின் பொறுப்பா?

நாற்பது வருஷம் நாற்று நட்ட மூதாட்டி ஒருத்தி, பொழுது சாயும் வேளையில் வீட்டுக்கு வழி தெரியாமல் வரப்பில் நிற்கிறாள். பெற்ற மகனைப் பார்த்து, "நீ யாரப்பா?" என்று கேட்கிறாள். "வயசாச்சு, அப்படித்தான்" என்கிறது ஊர். மந்திரிக்க அழைத்துப் போவோரும் உண்டு.

தோழர்களே! இது வயதின் இயல்பு அல்ல. மூளையைத் தாக்கும் நோய். இதன் முக்கியமான ஒரு வகையை 1906லேயே ஜெர்மன் டாக்டர் அல்ஸைமர் எடுத்துக் காட்டினார். இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

ஏன்? 'லான்செட்' மருத்துவ ஏட்டின் நிபுணர் குழு 2024ல் 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவற்றை ஒழித்தால் 100க்கு 45 பேருக்கு நோய் வராமல் தடுக்கலாம், அல்லது தள்ளிப்போடலாம் என்றது. படிப்பின்மை, காது மந்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை, அசுத்தக் காற்று, தனிமை ஆகியவை அதில் உண்டு. இவை யாருடைய வாழ்க்கை? பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் மாடு மேய்த்தது யார்? தறிகளின் இரைச்சலில் காதைப் பறிகொடுத்தது யார்? இரைச்சலால் வரும் செவிட்டுத்தனம் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது. ஆனால் நஷ்டஈடு கேட்க வேண்டும் என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது.

மருந்து இல்லையா? 2023ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற 'லெகானமாப்' என்ற மருந்துக்குக் கம்பெனி வைத்த விலை வருஷத்துக்கு 26,500 டாலர்! அதுவும் நோயைக் குணப்படுத்தாது. ஆரம்பக் கட்டத்தில் அதன் வேகத்தைச் சற்றுக் குறைக்கும், அவ்வளவுதான். லாபத்தை நம்பி நடக்கும் ஆராய்ச்சி ஏழையின் குடிசைக்கு வந்து சேராது.

அதுவரை பாரத்தைச் சுமப்பது யார்? மகளும் மருமகளும்தான். கிழவியைக் காவல் காக்க அவள் வேலைக்குப் போகாமல் நின்றால் அன்றைய கூலி போச்சு. வேலைக்குப் போனால் கிழவி கிணற்றடியில் நிற்பாளோ என்று நெஞ்சு பதைக்கும். இந்த உழைப்புக்குக் கூலியும் இல்லை, கணக்கும் இல்லை.

ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மருந்து கொடுக்கும் திட்டம் 2021ல் தமிழ்நாட்டில் தொடங்கியது. மருந்து வீடு தேடி வர முடியுமானால், நினைவுப் பரிசோதனை ஏன் வர முடியாது?

ஆகவே நாம் கோருவது இதுதான்: ஆரம்ப சுகாதார நிலையம் தோறும் நினைவுப் பரிசோதனை வேண்டும். நோயாளிகளைப் பகலில் பராமரிக்க ஒன்றியம் தோறும் ஒரு நிலையம் வேண்டும். வீட்டில் இருந்து கவனிப்பவர்களுக்கு உதவித்தொகை வேண்டும். மில்களில் காதுப் பாதுகாப்பும் வருஷாந்திரக் காதுப் பரிசோதனையும் வேண்டும். ஆராய்ச்சிக்கு அரசுப் பணம் வேண்டும்.

ஆயுள் முழுவதும் ஊருக்குச் சோறு போட்டவள் தன் பெயரையே மறந்திருக்கலாம். அவளை நாம் மறக்கலாமா? சங்கக் கூட்டங்களில் இந்தக் கோரிக்கைகளை எழுப்புவோம்!