நிவாரணப் பட்டியலில் இன்சுலின் இல்லை

புயல் அடித்தால் சேரிக்கு என்ன வரும்? அரிசி வரும், பாய் வரும், போர்வை வரும். அதுவும் ஊர்க்காரனுக்குக் கொடுத்து மிச்சமிருந்தால் வரும். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் முகாமுக்குள்ளேயே தலித் குடும்பங்களைச் சேர்க்க மறுத்ததையும், பொதுத் தண்ணித் தொட்டியைத் தொடவிடாமல் விரட்டியதையும் மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்திருக்கின்றன. 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகும் இதே கதைதான். நிவாரண லாரிகள் மெயின் ரோட்டிலேயே காலியாகிவிட, உள்ளே கிடந்த காலனிகள் காத்துக்கிடந்தன.

இதெல்லாம் தோழர்களுக்குத் தெரிந்ததுதான். நான் பேச வந்தது அந்தப் பட்டியலைப் பற்றி. அரசாங்கம் அச்சடிக்கிற பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள், இயக்கங்கள் கலெக்டரிடம் நீட்டுகிற கோரிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் அரிசி உண்டு, தார்ப்பாய் உண்டு. சுகர் மாத்திரையும் இன்சுலினும் எங்கே?

'சுகரா? அது உட்கார்ந்து திங்கிறவன் வியாதியப்பா, உழைக்கிற உடம்புக்கு வராது' என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர் மாத்திரை கொடுக்கிற நாளில் போய் வரிசையைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆய்வு சொன்னது. இத்தனை கோடிப் பேரும் பங்களாவிலா இருக்கிறார்கள்? மூணு வேளையும் ரேஷன் அரிசி, நடவுக்கும் அறுப்புக்கும் மெஷின் வந்த பிறகு வேலையில்லாத நாட்கள், ராத்திரி வாட்ச்மேன் வேலை, இதெல்லாம் சேர்ந்த உடம்பு நம்ம உடம்பு. பாபாசாகேபுக்கே சுகர். கடைசி வருஷங்களில் கால் வலியோடும் மங்கிய பார்வையோடும்தான் அவர் எழுதித் தீர்த்தார். 1948 ஏப்ரலில் அவர் மணந்த சவிதா அம்பேத்கர் ஒரு டாக்டர். பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள அவருக்கு ஓர் ஆள் இருந்தது. நம்ம காலனிக் கிழவிக்கு யார் இருக்கிறார்கள்?

முகாமில் நடப்பதைப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து அடைத்த ராத்திரி கழிகிறது. காலையில் பழக்கப்படி மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார் ஒருத்தர். அது கிளிபென்கிளமைடோ கிளிமிபிரைடோ. சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் சர்க்கரையை இறக்குகிற மாத்திரை. புளிசாதப் பொட்டலம் வர மத்தியானம் மூணு மணி ஆகிறது. அதற்குள் அந்த ஆளுக்கு வேர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது, காரணமில்லாமல் சத்தம் போடுகிறார், பிறகு சுவரோரம் சாய்ந்துவிடுகிறார். பார்க்கிறவன் என்ன சொல்வான்? 'காலனிக்காரன், குடிச்சிட்டு வந்து கெடக்கான்.' தாழ்சர்க்கரையும் போதையும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். டாக்டர்களே தடுமாறுகிற இடம் இது. ஆனால் ஊர்க்காரன் அப்படிச் சரிந்தால் 'என்னாச்சு ஐயாவுக்கு' என்று கேட்கிற வாய், சேரிக்காரன் சரிந்தால் தீர்ப்பைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். அவர் பையில் மூணு டீஸ்பூன் சர்க்கரை இருந்திருந்தால் தண்ணியில் கலந்து கொடுத்துக் கால்மணி நேரத்தில் எழுப்பி உட்கார வைத்திருக்கலாம். தெளியவில்லையென்றால் இன்னொரு தரம் கொடுத்து, அப்புறம் சோறு. நினைவே இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிட வேண்டும். இதை முகாமில் நிற்கிற ஒவ்வொரு மாணவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு சர்க்கரையா என்று குறுக்கே வந்து தடுக்கிற படித்தவர்களும் இருப்பார்கள். அந்த நேரத்தில் அவர்களோடு விவாதம் பண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

இன்சுலின் போடுகிறவர்கள் நிலைமை வேறு. அதிலும் முதல் வகை சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளுக்கு ஊசி அடியோடு நின்றால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. ரெண்டு நாள் பட்டினி, அதனால ஊசி வேண்டாம் என்று வீட்டில் முடிவு பண்ணிவிடுவார்கள். அளவைக் குறைக்க வேண்டி வரலாம், நிறுத்தவே கூடாது. எவ்வளவு குறைப்பது என்பதை மழைக்கு முன்னாலேயே டாக்டரிடம் கேட்டு அட்டையில் எழுதி வாங்கிவைக்க வேண்டும்.

'ஃப்ரிட்ஜில் வையுங்கள்' என்று சொல்லி அனுப்புகிறார்கள். நமக்கு இலவச டிவி வந்தது, மிக்சி வந்தது, ஃபேன் வந்தது, ஃப்ரிட்ஜ் வரவில்லை. ஊருக்குள் கடைக்காரர் ஃப்ரிட்ஜில் வைக்கலாமே என்பார் நல்ல மனசுள்ள ஒரு டாக்டர். சேரியிலிருந்து போகிற மருந்துப் புட்டியை எந்தக் கடைக்காரர் தன் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைப்பார் என்று அவரே கேட்டுப் பார்க்கட்டும். கஜாவில் லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்து பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தபோது ஃப்ரிட்ஜ் இருந்தவனுக்கும் அது வெறும் அலமாரிதான். ஆகவே பயப்பட ஒன்றுமில்லை. பிரித்துப் பயன்படுத்துகிற புட்டி, சூடு 30 டிகிரிக்குள் இருந்தால் 4 வாரம் தாங்கும். பெரிய பானையில் மணலைப் போட்டுத் தண்ணி தெளித்து, அதற்குள் சின்னப் பானையை இறக்கி, மருந்தை நனையாத டப்பாவில் வைத்து மூடி, நிழலில் காற்றோட்டமாக வைத்தால் போதும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் பானை அவ்வளவாகக் குளிராது. ஆனாலும் வெயில் படாமல் காக்கும். ஐஸ் கட்டி மேல் நேராக வைக்கக் கூடாது. உறைந்துபோன இன்சுலின் வீண். சூடுபட்ட இன்சுலின் வீரியம் குறைந்திருக்கலாம், ஆனால் வேறு கிடைக்கிறவரை ஒன்றும் போடாமல் இருப்பதைவிட அதைப் போடுவது மேல்.

தானமாக வருகிற மருந்தில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. நம்ம அரசு ஆஸ்பத்திரியில் தருகிற புட்டி பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. வெளியிலிருந்து வருவது 100 யூனிட்டாக இருக்கலாம். அதன் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் புட்டியிலிருந்து 40 சிரிஞ்சில் உறிஞ்சினால் இரண்டரை மடங்கு மருந்து உடம்புக்குள் போகும். ஆளையே சாய்த்துவிடும். மருந்து வாங்கி அனுப்புகிற நகரத்துத் தோழர்கள் புட்டியோடு அதற்குரிய சிரிஞ்சையும் சேர்த்தே அனுப்புங்கள்.

வெள்ளம் வடிந்த பிறகு வேறொரு கூட்டம் வந்து இறங்கும். 2015 டிசம்பரில் சென்னை முங்கியபோது வெளிமாவட்டங்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். யார் அவர்கள் என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. கிளம்பி வருகிற அவசரத்தில் மாத்திரையை வீட்டில் விட்டு வந்தவருக்கு யார் மாத்திரை கொடுப்பது? சுகர் முற்றினால் பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போகும். பூட்ஸ் இல்லாமல் சேற்றில் இறங்குகிறவருக்குக் கண்ணாடித்துண்டு குத்தினதே தெரியாது. ராத்திரி காலைக் கழுவும்போது ரத்தத்தைப் பார்த்தால் உண்டு. புண் சீழ்ப்பிடித்து, விரல் போய், பாதம் போய், கடைசியில் வேலையும் போகும். நகரம் சுத்தமாகிவிட்டது என்று பத்திரிகையில் படம் வந்திருக்கும்.

இப்படிச் செத்தவர்கள் கணக்கு எங்கே? பேரிடரில் இறந்தால் 4 லட்ச ரூபாய் என்று 2015இல் மத்திய அரசு விதி வகுத்தது. சாவுக்குக் காரணம் பேரிடர்தான் என்று அதிகாரி சான்று தர வேண்டும். சுவர் விழுந்து செத்தால் சான்று கிடைக்கும். ரோடு துண்டித்து இன்சுலின் கிடைக்காமல் பத்தாம் நாள் செத்தால் 'சர்க்கரை நோய்' என்று எழுதி முடித்துவிடுவார்கள். புயல் தப்பித்துக்கொள்ளும், நிர்வாகமும் தப்பித்துக்கொள்ளும். அமெரிக்காவின் பிடியில் இருக்கிற போர்ட்டோ ரிக்கோ தீவில் 2017இல் மரியா புயல் அடித்தபோது செத்தவர்கள் 64 பேர் என்றுதான் அரசு மாசக்கணக்கில் சாதித்தது. கரண்டும் வைத்தியமும் இல்லாமல் பின்னால் செத்தவர்களையும் சேர்த்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்ட பிறகு, 2018 ஆகஸ்டில் 2,975 என்று ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது. இங்கே அப்படி ஒரு கணக்கை யார் எடுப்பது? நாம்தான் எடுக்க வேண்டும்.

பெயர்ப் பட்டியல் இல்லை என்று அரசு சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகப் போய் மாத்திரை கொடுத்தார்களே, எந்த வாசலில் சுகர் என்று சுகாதாரத்துறைக்குத் தெரியும். முகாமின் சாவி வருவாய்த்துறையிடம் இருக்கிறது. இரண்டு துறைக்கும் நடுவில் நம்ம ஆள் செத்துப்போகிறான்.

அக்டோபர் 14, பாபாசாகேப் பவுத்தம் தழுவிய நாள். வடகிழக்குப் பருவமழையும் அதை ஒட்டித்தான் தொடங்கும். அன்றைக்குக் கூட்டம் முடிந்ததும் மாணவர்கள் ஒரு நோட்டோடு தெருவில் இறங்கலாம். பேர், மாத்திரையா ஊசியா, 40ஆ 100ஆ, கையில் எத்தனை நாளுக்கு மருந்து இருக்கிறது, காலுக்குச் செருப்பு இருக்கிறதா, இவ்வளவு போதும். ஒரு பிரதி நர்சம்மாவிடம், ஒன்று வி.ஏ.ஓ.விடம், ஒன்று தாசில்தார் ஆபீசில். மூன்று இடத்திலும் முத்திரை வாங்குங்கள். மழைக்காலத்துக்கு ரெண்டு மாச மருந்தை முன்கூட்டியே கொடு, முகாமில் ஒரு ஐஸ் பெட்டி வை, மாத்திரை போடுகிறவர்களுக்கு முதல் பந்தியில் சோறு போடு என்று மனுவில் எழுதுங்கள். 'அது சுகாதாரத்துறை வேலைப்பா' என்பார் தாசில்தார். அதையே எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்.