மகள் என்ற சொல்

ஷைமா அல்-ஸப்பாக் ஒல்லியாக இருந்ததால் செத்தார். எகிப்தின் தடயவியல் துறைப் பேச்சாளர் 2015 மார்ச்சில் தொலைக்காட்சியில் உட்கார்ந்து ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். எலும்பின்மேல் தோல் போர்த்தியது போன்ற உடம்பாம். கொஞ்சம் சதைப்பிடிப்பு இருந்திருந்தால் ரவைகள் அவ்வளவு ஆழமாகப் போயிருக்காதாம். சுட்டவர் கையில் இருந்த துப்பாக்கியைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் சுடப்பட்டவரின் எடையைப் பற்றிப் பேசினார்கள். உயிரோடு இருக்கும்போது நம் உடம்பில் குற்றம் கண்டுபிடிப்பவர்கள் பிணவறையிலும் விடுவதில்லை.

நடந்தது இதுதான். 2015 ஜனவரி 24, சனிக்கிழமை. முபாரக்கை வீழ்த்திய எழுச்சியின் நான்காம் ஆண்டு நிறைவுக்கு முந்தைய நாள். சோஷலிச மக்கள் கூட்டணிக் கட்சியின் சிறு குழு ஒன்று கெய்ரோவின் தலாத் ஹார்ப் சதுக்கத்துக்கு அருகே கூடியது. 2011இல் செத்துப்போனவர்களின் நினைவாகத் தஹ்ரீருக்கு நடந்துபோய் மலர்வளையம் வைக்க வேண்டும் என்பது அவர்கள் திட்டம். கையில் ஒரு பதாகையும் பூக்களும். ‘ரொட்டி, விடுதலை, சமூக நீதி’ என்ற பழைய முழக்கம். முகமூடி அணிந்த போலீசார் எதிரே நின்றார்கள். கண்ணீர்ப்புகை, பிறகு ரவைத் துப்பாக்கி. அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து இதற்காகவே வந்திருந்த கவிஞர், ஐந்து வயதுப் பையனின் தாய், தெருவில் சரிந்தார். தோழர் ஒருவர் மண்டியிட்டு அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்திருக்கும் படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம்.

சர்வாதிகாரி போய்விட்டார், ஆகவே சர்வாதிகாரம் போய்விட்டது என்று நம்புகிறவர்கள் அடுத்து நடந்ததைக் கவனிக்க வேண்டும். போலீஸ் சுடவே இல்லை என்று முதலில் மறுத்தார்கள். பிறகு அதே கட்சியின் துணைத் தலைவர் ஸுஹ்தி அல்-ஷாமியைச் சந்தேகத்தின் பேரில் பிடித்து வைத்தார்கள். அதாவது, ஊர்வலத்தில் கூட நடந்து வந்த மூத்த தோழரே அவரைக் கொன்றிருக்கலாம் என்று! மறுநாள் விட்டுவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அஸ்ஸா சுலைமானுக்கு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பெண்களுக்குச் சட்ட உதவி செய்யும் அமைப்பை நடத்தும் வழக்கறிஞர் அவர். கட்சி உறுப்பினர்கூட இல்லை. பக்கத்துக் காபிக் கடையில் குடும்பத்தோடு இருந்தவர், கண்ணால் கண்டதைச் சொல்லத் தாமாகவே அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போனார். சாட்சியாகப் போனவர் குற்றம் சாட்டப்பட்டவராகத் திரும்பினார். அவரையும் சேர்த்து 17 பேர் மீது, அனுமதியின்றிப் போராடியதாக வழக்கு. மே மாதம் விடுதலை ஆனார்கள். அரசு மேல்முறையீடு செய்தது. அக்டோபரில் மறுபடி விடுதலை. ஒன்பது மாத அலைச்சல். வாயை மூடிக்கொண்டு சாப்பாட்டை முடித்திருந்தால் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதைப் பார்க்கும் மற்ற பெண்களுக்கும் புரிய வேண்டும் என்பதற்குத்தான் அந்த வழக்கு.

இதற்குப் பயன்பட்டது 2013 நவம்பரில் வந்த 107ஆம் எண் சட்டம். கூடுவதற்கு மூன்று வேலை நாள் முன்பே போலீசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறது அது. சட்டம் கையெழுத்தான இரண்டாம் நாளே கெய்ரோவில் அதை எதிர்த்த பெண்களைப் பிடித்து, அடித்து, இரவில் வண்டியில் ஏற்றிப் பாலைவனச் சாலையில் இறக்கிவிட்டுப் போனார்கள். எந்தச் சட்டப் பிரிவு ஒரு பெண்ணை நடுராத்திரியில் பாலைவனத்தில் இறக்கிவிடச் சொல்கிறது?

ஷைமா இறந்த சில நாட்களில் அதிபர் சிசி அவரைத் தன் மகள் என்றார். இந்தச் சொல்லை நாம் சும்மா விடக்கூடாது. 2011 மார்ச் 9 அன்று, முபாரக் போய் ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், இராணுவம் தஹ்ரீரில் பெண்களைக் கைது செய்தது. இராணுவச் சிறையில் அவர்களில் பலருக்குக் கன்னித்தன்மைச் சோதனை நடத்தினார்கள். அந்தப் பெண்கள் ‘உங்கள் மகளையோ என் மகளையோ போன்றவர்கள் அல்ல’ என்று பெயர் சொல்லாத தளபதி ஒருவர் செய்தியாளரிடம் நியாயம் பேசினார். ஆண்களோடு கூடாரத்தில் தங்கியவர்களாம். வன்புணர்வுக் குற்றச்சாட்டிலிருந்து படையினரைக் காப்பாற்றத்தான் சோதனை என்று அன்று விளக்கம் தந்தவர்களில் இராணுவ உளவுத் துறைத் தலைவரும் ஒருவர். அவர் பெயர் அப்துல் ஃபத்தாஹ் அல்-சிசி. ஸமீரா இப்ராஹிம் என்ற இளம்பெண் துணிந்து வழக்குப் போட்டார். நிர்வாக நீதிமன்றம் சோதனைக்குத் தடை விதித்தது; இராணுவ நீதிமன்றமோ மருத்துவரை விடுவித்தது.

ஆக, யார் மகள், யார் மகள் இல்லை என்று தீர்மானிக்கிற அதிகாரம் ஒரே கையில் இருக்கிறது. மகள் என்று அழைத்தால் அடிக்காமல் இருப்பார்களா என்று நம் வீடுகளில் கேட்டால் தெரியும். ஷைமா யாருடைய மகளாகவும் அந்தத் தெருவுக்குப் போகவில்லை. ஒரு கட்சியின் உறுப்பினராகப் போனார். குடிமகளுக்கு உரிய உரிமையைத் தராமல், செத்த பிறகு உறவு கொண்டாடுவது எதற்கு?

சுட்ட அதிகாரிக்கு 2015 ஜூனில் 15 ஆண்டு. கொலைக்காக அல்ல, ‘மரணம் விளைவித்த தாக்குதலுக்காக’. மறு ஆண்டு உச்ச மேல்முறையீட்டு மன்றம் அதை ரத்து செய்தது. மறுவிசாரணையில், 2017இல், 10 ஆண்டு. ஒரு போலீஸ் அதிகாரிக்குத் தண்டனை கிடைத்ததே பெரிது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த நாட்டின் கணக்கில் அது உண்மைதான். அந்த உண்மையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நம் பக்கத்தையும் கொஞ்சம் பார்க்கலாம். 2013 ஆகஸ்டில் ராபா சதுக்கத்தில் முஸ்லிம் சகோதரத்துவக் கட்சியின் ஆதரவாளர்கள் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டபோது, மதச்சார்பற்ற முகாமில் பலர் மௌனமாக இருந்தார்கள், சிலர் கைதட்டினார்கள். அவர்களில் பெண்ணியவாதிகளும் உண்டு. பிற்போக்குக் கட்சிதானே, அடிபடட்டும் என்றார்கள். பெண்களுக்கு எதிரான கொள்கை கொண்ட கட்சியை நானும் எதிர்ப்பேன். ஆனால் அதன் உறுப்பினரைச் சுடும் உரிமையை போலீசுக்குக் கொடுத்த பிறகு, என் தோழியைச் சுடும்போது எந்த வாயால் கேட்பேன்?

ஷைமா இறப்பதற்கு முந்தைய நாள், ஜனவரி 23, அவருடைய ஊரான அலெக்ஸாண்ட்ரியாவில், சகோதரத்துவத்துக்கு ஆதரவான ஊர்வலத்தில் 17 வயதுப் பெண் ஒருத்தி சுடப்பட்டுச் செத்தாள். அவளை மகள் என்று எந்த அதிபரும் சொன்னதாகத் தெரியவில்லை. நம் சுவர்களிலும் அவள் படம் இல்லை.